கவிழ்த்துக் காட்டிய பாத்திரம்

இத்தா,

நேற்று பிராட்வே கடைத்தெருவில் ஒரு கடையில் ஆட்டுப்பால் பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு என்னை அறியாமலே அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் தட்டினேன். கடைக்காரர் பதறிப்போய், "சேச்சி, அது சீல் செய்ததாணு" என்றார். சீல் வைத்தது யார் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். டப்பாவின் மேல் ஒரு ஆடு சிரித்துக்கொண்டிருந்தது. ஆடு சிரித்து நான் பார்த்ததில்லை. உங்கள் ஆடுகள் என்னைப் பார்த்து முறைத்த முறைப்புதான் எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டுப் பெண் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். அவள் குழந்தைக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆட்டுப்பால் கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். அந்த 'யாரோ' இன்னும் மட்டாஞ்சேரியை விட்டுப் போகவில்லை பாருங்கள். அன்றைக்கு என்னிடமும் வந்து சொன்னது அவர்தான்.

அப்போது என் மகளுக்கு ஒரு வயது. பால் குடித்தால் உதட்டைச் சுற்றித் தடிப்பு வரும், கொஞ்ச நேரத்தில் இழுப்பு. டாக்டர் பசும்பாலையும் அது கலந்த எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். பால் இல்லாமல் பிள்ளை எப்படித் தேறும் என்ற பயத்தில், மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த உங்கள் வீட்டுக்குத் தூக்குப் பாத்திரத்தோடு வந்தேன். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

"நீ அந்தக் கார்ப்பரேஷன்காரன் பெண்டாட்டி அல்லே? என் ஆட்டைப் பிடிக்க வண்டி அனுப்பறதுக்கு நோட்டம் பார்க்க வந்தியா?"

என் கணவர் குப்பை வண்டியில் வேலை பார்ப்பவர், ஆடு பிடிப்பவர் இல்லை என்று சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. நானும் உங்களை நம்பவில்லை. உங்கள் வீட்டை ஒட்டி ஒரு சாயாக்கடை இருந்தது, அங்கே விடிந்ததும் பாக்கெட் பால் வந்து இறங்கும். அதில் ஒரு பாக்கெட் சுவர் தாண்டி வந்தால் என் பிள்ளையின் கதி என்ன ஆகும் என்றுதான் என் புத்தி போயிற்று.

கறப்பதற்கு முன் பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் தட்டிக் காட்டினீர்கள். உள்ளே தண்ணீர் இல்லை என்று எல்லாப் பால்காரர்களும் காட்டுவதுதான். நான் பாத்திரத்தைப் பார்க்கவில்லை, உங்கள் முந்தானையைப் பார்த்தேன்.

"அங்கே எந்தா நோக்குற? உள்ளே பசுவை ஒளிச்சு வச்சிருக்கேனா?" என்றீர்கள்.

அந்தப் பாலைக் குடித்துச் சில நாள் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு கன்னத்தில் லேசாகத் தடிப்பு எழும்பியது. நேராக வந்து உங்கள் வாசலில் சண்டை போட்டேன். கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா நீங்கள்? மறுநாள் காலையிலேயே என் அடுக்களைக்குள் வந்து நின்றீர்கள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்தீர்கள். என் பால் பாத்திரத்தை என் கையிலேயே கொடுத்து, "கவிழ்த்துக் காட்டு மோளே" என்றீர்கள். என் வீட்டில் நின்று என்னையே கேட்கிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கவிழ்த்துக் காட்டினேன்.

அடுத்து என் கணவர் மேல் சந்தேகம் வந்தது உங்களுக்கு. "உன் சேட்டன் கடையிலே பால் சாயா குடிச்சிட்டு வந்து, அந்த மீசையோட புள்ளைக்கு முத்தம் கொடுக்குது." அன்றிலிருந்து அவர் குழாயடியில் முகம் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். தடிப்பு மறையவில்லை. மீசையை எடுக்கச் சொல் என்றீர்கள். அதற்கு மட்டும் அவர் மசியவில்லை.

கடைசியில் ஒரு காலை ஆட்டையே எங்கள் வாசலுக்கு ஓட்டி வந்துவிட்டீர்கள். "உன் பாத்திரத்திலேயே கறக்கறேன். உன் கண்ணு முன்னாலே. இன்னைக்கு ரெண்டிலே ஒண்ணு தெரியட்டும்."

நான் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக் காட்டினேன். நீங்கள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுக் கறந்தீர்கள். நான் காய்ச்சி முடிக்கும்வரை நீங்கள் அடுப்படியை விட்டு நகரவில்லை. ஆறிய பாலை மகளுக்குக் கரண்டியில் ஊட்டினேன். ஊட்டும்போது நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிள்ளையை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

அவள் இருமியபோதுதான் திரும்பினோம். உதடு வீங்கிப்போயிருந்தது. மூச்சு கிரீச்சிட்டது.

சந்தேகப்பட அங்கே வேறு யாரும் மிச்சமில்லை. "படைச்சவனே, என் ஆட்டுப் பாலேதான்" என்று கத்தினீர்கள். பிள்ளையை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு, செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடி, போய்க்கொண்டிருந்த ஆட்டோவின் குறுக்கே நின்றீர்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அவள் மூச்சு சீரான பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. பசும்பால் சேராத பிள்ளைகள் பலருக்கு ஆட்டுப்பாலும் சேராது, கொடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா என்றார் டாக்டர். அவ்வளவு பேரைச் சந்தேகப்பட்ட நாம் பாலைச் சந்தேகப்படவே இல்லை.

அதன் பிறகு கைக்குழந்தையோடு பால் கேட்டு யார் வந்தாலும் "டாக்டர்ட்ட கேட்டாச்சா?" என்று விரட்டினீர்கள். பாலைப் பெரிய வீடுகளுக்குப் பதுக்குகிறாள் என்று தெருவில் பேசினார்கள். நீங்கள் சட்டை செய்யவில்லை. மகள் ராகிக் கூழும் மீனும் ஏத்த வாழைக்காயும் தின்று தேறினாள். ஒரு கல்யாண வீட்டில் பாயசம் பரிமாறியவரை மறித்து, "இதிலே தேங்காப்பாலா, மாட்டுப்பாலா? சத்தியம் பண்ணு" என்று நீங்கள் நின்றதை அவள் இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

நாம் ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்கினோம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். தினமும் வந்து மூடிகளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவீர்கள். ஒருநாள் வராவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

நீங்கள் படுக்கையில் விழுந்தபோது கஞ்சி கொண்டு வந்தேன். பேச்சு நின்றுவிட்டிருந்தது. டம்ளரில் ஊற்றப் போனேன், உங்கள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. உள்ளங்கையை மெதுவாகக் கீழ்நோக்கித் திருப்பினீர்கள். எனக்குப் புரிந்தது. டம்ளரைக் கவிழ்த்து, அடியில் தட்டிக் காட்டினேன். அதன் பிறகுதான் வாயைத் திறந்தீர்கள். அதுதான் நீங்கள் குடித்த கடைசிக் கஞ்சி. எனக்கு அழுகை தாங்கவில்லை, இத்தா.

நேற்று டப்பா இல்லாமல்தான் எதிர்வீட்டுக்குப் போனேன். டாக்டரிடம் கேட்காமல் எதுவும் கொடுக்காதே என்றேன். இவளுக்கு இதில் என்ன வந்தது என்பது போல அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. சந்தேகப்படத் தெரிந்தவளின் பிள்ளை, தப்பித்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்குக் கஞ்சி ஊற்றினாலும் பாலில்லாத கட்டன் சாயா ஊற்றினாலும் முதலில் டம்ளரைக் கவிழ்த்துத் தட்டுகிறேன். "யாருக்கும்மா காட்டுற? இங்கே ஆரும் இல்லல்லோ" என்கிறாள். நான் இன்னொரு முறை தட்டிவிட்டு ஊற்றுகிறேன்.

டம்ளரில் ஒன்றும் இல்லை, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இத்தா.