பல் ஆஸ்பத்திரி போனில் என் பாட்டு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தை உன் வாயால் கேட்கும் பாக்கியம் மூன்று மாதமாக இல்லை. நீ அனுப்பும் கட்டைவிரல் படத்தைப் பார்த்து, விரலாவது நன்றாக இருக்கிறதே என்று தேற்றிக்கொள்கிறோம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்று கிளம்பி ஒன்றரைச் சுவரோடு நிறுத்திவிட்டு, இதுவும் ஒரு அழகுதான் என்கிறார். நீ வேளைக்குச் சாப்பிடு, குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே.

என் வேலையில்தான் புதுச் செய்தி. பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து போன் எடுக்கிறேன் அல்லவா, லைனில் காத்திருப்பவர்களுக்கு ஏதாவது இசை போடுங்கள் என்றார் டாக்டர். புல்லாங்குழல் மாதிரி ஏதோ எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் என் பாட்டைப் போட்டுவிட்டேன். எந்தப் பாட்டு என்று கேட்காதே. போன தடவை ஊருக்குக் கிளம்பும்போது உன் மனைவி எதிரிலேயே, "அசிங்கமா இருக்கும்மா" என்று காரில் பட்டென்று அணைத்தாயே, அதேதான். நான் மட்டும் சும்மாவா இருந்தேன், பிடிக்காவிட்டால் இறங்கி நடந்து போ என்றேன். ரோஷக்காரன் நீ, ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போனாய். அவள்தான் பாவம், பின்னாலேயே ஓடினாள்.

எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. எண்பதுகளில் அது வந்தபோது எனக்குப் பதினேழு வயது. சிங்கத்தின் பிடரி மாதிரி முடி வைத்துக்கொண்டு, ஜன்னல் திரையைக் கிழித்துத் தைத்த மாதிரி சட்டை போட்டவன் பாடியது. முதல் நிமிடம் பியானோவோடு முனகுவான், மூன்றாம் நிமிடம் டிரம்ஸ் இடிக்கும், கிட்டார் அழும், அப்புறம் சுருதியை ஒரு படி ஏற்றி உயிர் போகிற மாதிரி கத்துவான். ஒருத்தி ரயிலேறிப் போனதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று உன் போன்ற அறிவாளிகள் கேட்பார்கள். ஆமாம், அதற்குத்தான். உனக்குப் பல் முளைத்த நாட்களில் அந்தக் கத்தலுக்குத்தான் நீ அழுகையை நிறுத்துவாய். அப்போது அசிங்கமாகத் தெரியவில்லை போலும்.

இங்கே ஒரு நோயாளி, இதுக்கு என் பல்வலியே மேல் என்று புகார் சொல்லிவிட்டார். போனில் காத்திருந்த இன்னொருவர், சாவி செய்கிறவர், நான் எடுத்ததும் "இருங்கம்மா, அந்தக் கத்தல் வந்துடட்டும்" என்று என்னையே காக்க வைத்தார். டாக்டர் புகாரைத்தான் கேட்டார், மாற்றச் சொல்லிவிட்டார். நான்தான் இன்னும் மாற்றவில்லை.

போன புதன்கிழமை நாலு மணிக்கு ஒரு அழைப்பு, நான் எடுக்குமுன் தானாகவே பாட்டுக்குப் போய்விட்டது. கன்னம் வீங்கி வந்தவரை உள்ளே அனுப்பிவிட்டுப் போனை எடுக்கக் கையை நீட்டினேன், மேசை ஸ்பீக்கரில் சரியாகச் சுருதி ஏறுகிற இடம். அங்கே வெட்ட மனசு வரவில்லை. யாரோ மருந்து கம்பெனிக்காரர், கேட்டுப் புண்ணியம் தேடிக்கொள்ளட்டும் என்று நானும் கூடப் பாடினேன். முடிந்து எடுத்தால் லைன் இல்லை. அப்புறம்தான் எண்ணைப் பார்த்தேன். உன் எண்.

என் கைபேசி இருக்க இங்கே ஏன் கூப்பிட்டாய் என்று எனக்குத் தெரியாதா, நோயாளிகள் நடுவில் அம்மா சத்தம் போட மாட்டாள் என்ற தைரியம். ஆனால் நாலு நிமிடம் ஐம்பது நொடி கேட்டிருக்கிறாய். பிடிக்காதவன் முதல் முனகலிலேயே வைத்திருப்பான். கடைசி டிரம்ஸ் வரை இருந்திருக்கிறாயே, எவ்வளவு அசிங்கமாக இருந்திருக்கும், பாவம்.

இறங்கிப் போ என்றது என் தப்புதான். உன் பெட்டிச் சக்கரம் ரோட்டில் கடகடத்துப் போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எந்தப் பாட்டாலும் அதை அமுக்க முடியவில்லை.

மாதக் கடைசிப் புதன் வரை பாட்டு இருக்கட்டும் என்று டாக்டரிடம் கெஞ்சி வாங்கியிருக்கிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ராத்திரியும் பல் தேய்.

அந்தப் புதன் நாலு மணிக்குக் கூப்பிடு. யாருக்காகவும் அந்தப் பாட்டை நான் நடுவில் வெட்டியதில்லை. உனக்காக வெட்டுகிறேன்.

வரவேற்பு மேசையிலிருந்து,
உன் அசிங்கமான அம்மா