தீனா மாமா கடை இருந்த இடம்

கள்ளக்குறிச்சி
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் ஜெபீனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே நாங்கள் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளை அன்சரும் என் தங்கம் அப்ரினும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். மலையில் இந்த வருஷம் நல்ல மழை, கோமுகி அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று உன் அத்தா பேப்பரில் படித்துச் சொன்னார். கடையில் வியாபாரம் கொஞ்சம் கம்மிதான், மழை விட்டால் சரியாகிவிடும். உன் தம்பி அப்சல் இந்தக் காகிதங்களைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன் என்றான். போனிலேயே பேசிவிட வேண்டியதுதானே, எதற்கு அம்மா எழுதுகிறாள் என்று நினைப்பாய். பேசினால் பாதியில் நான் அழுதுவிடுவேன், நீயும் அங்கே பிள்ளை முன்னால் கலங்குவாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அப்ரின் தூங்கிய பிறகு நிதானமாகப் படி.

லீவுக்கு வரும்போது நீ விளையாடிய இடமெல்லாம் அப்ரினுக்குக் காட்டவேண்டும் என்று அன்றைக்குச் சொன்னாயே, கரும்பு உருவும் இடம், பாதியில் நின்ற கல்யாண மண்டபம், தீனா மாமா கடை என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனாய். அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. நாம் இந்த வீட்டுக்கு வந்த ஆறேழு வருஷத்தில் நீ வளர்ந்துவிட்டாய், அதற்குப் பிறகு நானும் அந்தப் பக்கம் நடந்தே போனதில்லை, பஸ்ஸில் போகிறதோடு சரி. அதனால் போன வாரம் ஒரு நாள் காலையில், வெயில் ஏறுவதற்குள், மெதுவாகக் கச்சிராயபாளையம் ரோடு வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் கண்ணு. மில்லுக்குப் போகிற கரும்பு டிராக்டர் மெதுவாகப் போகும் என்று நீங்கள் எல்லாம் காத்துக்கொண்டிருப்பீர்களே, அந்த வேகத்தடை இப்போது இல்லை. ரோடு அகலமாகி நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள், கடக்கவே பயமாக இருக்கிறது. அங்கே உருவிய கரும்பை ஒளித்து எடுத்துக்கொண்டு வந்து, பாவாடை முழுக்க சக்கையோடு என் முன்னால் நின்று கரும்பே தின்னவில்லை என்பாய். கம்பி நீட்டிக்கொண்டிருந்த அந்த மண்டபத்தை முழுசாகக் கட்டி இப்போது ஸ்கூட்டர் விற்கிறார்கள், கண்ணாடி வைத்து ஜில்லென்று இருக்கிறது. நீங்கள் கண்ணாமூச்சி ஆடிய இடத்தில் கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் என்னைப் பார்த்து இன்னா மாடல் பாக்குறீங்கம்மா என்று கேட்டான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, என் முட்டிக்கு ஏத்த வண்டி இருந்தா காட்டுப்பா என்றேன்.

தீனா மாமா கடை இருந்த இடத்தில் டைல்ஸ் கடைக்காரர்கள் பெரிய குடோன் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தகரக் கொட்டகை எவ்வளவு சின்னது என்று இப்போதுதான் தெரிகிறது, குடோன் கேட் அகலம்கூட இருந்திருக்காது. அதற்குள் இரண்டு டிவி, நாலு பலகை, ஒரு டேபிள் ஃபேன், தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் எப்படி உட்கார்ந்தீர்களோ. வீடியோ கேம் கடைக்குப் பெண்பிள்ளையை அனுப்புவதா என்று எல்லோரும் யோசித்த காலம் அது. அத்தா ஒரு நாள் நேரே போய்ப் பார்த்தார். தீனதயாளன் ஒரு மூலையில் யாருடைய ரேடியோவையோ பிரித்து வைத்துக்கொண்டிருந்தார், அவர் மகள் சந்தியா தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அத்தா திரும்பி வந்து, அங்க ஒரு பொண்ணு தனியாக் கீது, நம்ம ஜெபீனா போவட்டும் என்றார். அன்று போனவள்தான் நீ. கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து ஆட விடுவார், சாயங்காலம் மக்ரிப் பாங்குக்கு முன்னால் சைக்கிள் பெல்லை அடித்து எல்லோரையும் வீட்டுக்கு விரட்டுவார், நீயும் சந்தியாவும் மட்டும் பெல்லை மதிக்கமாட்டீர்கள்.

ரோட்டோரம் பணியாரம் சுடுகிற ராணியம்மாள் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறாள், அவளிடம் கேட்டேன். அவங்க கடைய எடுத்துட்டு அப்பவே திருக்கோவிலூர் போய்ட்டாங்களே, பொண்ணு அங்க டீச்சரா கீது, ஆத்தங்கரைப் பக்கம் வூடு என்றாள். நீ காலேஜுக்குப் போன பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு விட்டுப்போனது எனக்குத் தெரியும், சண்டை ஒன்றும் இல்லை, ஆளுக்கு ஒரு ஊர், நம்பர் மாறிப்போச்சு. தீனா மாமாகிட்ட அப்ரினக் காட்டணும்மா, அவரு இன்னா சொல்றாருனு பாக்கணும் என்று நீ சொன்னது என் காதிலேயே இருந்தது. அத்தாவிடம் சொன்னேன். அதுக்கு இன்னா, வெள்ளிக்கிழம தொழுகைக்கு அப்புறம் பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம் என்றார். ஒரு டஜன் ஆப்பிளும் அவருக்குப் பிடித்த மிக்சரும் வாங்கிக்கொண்டோம்.

சந்தியாதான் கதவைத் திறந்தாள். நரை எட்டிப் பார்க்கிறது, கண்ணாடி போட்டிருக்கிறாள், முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. உன்னைப் போலவே அவளும் அத்தா என்றுதானே கூப்பிடுவாள், வாங்கத்தா, வாங்கம்மா என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தா செருப்பைக் கழற்றிக்கொண்டே, எங்கம்மா தீனதயாளன், தூங்குறாரா என்று கேட்டுவிட்டார். நான் அதற்குள் சுவரைப் பார்த்துவிட்டேன். போட்டோவில் மாலை போட்டிருந்தது ஜெபீனா. போன வருஷம் ஆடி மாதம், நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். அத்தா அந்த ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு இன்னா லில்லாஹி ஓதிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சந்தியாதான் எங்களைத் தேற்றுவதுபோலப் பேசினாள். அப்போது ஒன்று சொன்னாள், இத்தனை வருஷமாக நமக்குத் தெரியாது. அம்மா எறந்தப்போ எனக்கு ஏழு வயசு. அப்பா வூடு வூடாப் போய் டிவி ரிப்பேர் பண்ணிக்கினு இருந்தாரு, என்ன வுட்டுட்டுப் போனா நான் அழுதுக்கினே இருப்பேன். கேம் வெச்சா புள்ளைங்க தானா வரும், எனக்கும் பேச்சுத்தொண கெடைக்கும்னுதான் அந்தக் கடையவே போட்டாரு, மொத மொதல்ல உள்ள வந்த பொண்ணு ஜெபீனாதான் என்றாள். அவ வந்துட்டாளா, அவ வந்துட்டாளானு அப்பா ரோட்டையே பாத்துக்கினு இருப்பாரும்மா என்று சொன்னபோது என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. நீங்கள் பெல்லை மதிக்காமல் உட்கார்ந்திருந்தபோது அந்த மனுஷன் ஏன் திட்டவே இல்லை என்று இப்போதுதான் புரிகிறது.

அப்ரின் போட்டோவைப் போனில் காட்டினேன். சிரிச்சா ஜெபீனா மாதிரியே கண்ணு மூடிக்குதே என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நீ மாமாவைப் பார்க்கவேண்டும் என்று சொன்னதையும் சொன்னேன். போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, அவகிட்ட இத சொல்லாதீங்கம்மா என்றாள். ஏம்மா என்று கேட்டேன். நான் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சிட்டேன், எங்கயோ ஒருத்திக்கு மட்டும் அப்பா இன்னும் அந்தக் கடையில உக்காந்துக்கினு இருக்காரு, அது அப்படியே இருக்கட்டுமே என்றாள். சரிம்மா என்று சொல்லி அவள் தலையைத் தடவிவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அத்தாதான், நம்ம பொண்ணு வந்து கேட்டா இன்னானு சொல்றது என்று கேட்டார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம், டிரைவர் வண்டியைக் கிளப்பப் போகிறார், ஜன்னலுக்கு வெளியே யாரோ அம்மா அம்மா என்று கூப்பிடுகிற சத்தம். பார்த்தால் சந்தியா, ஸ்கூட்டரை நடு வழியிலேயே நிறுத்திவிட்டு, வீட்டுச் செருப்போடு ஓடி வருகிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க, இல்லம்மா, சொல்லிடுங்க, அப்பா போனதுல இருந்து நான் ஒழுங்கா அழவே இல்ல, வந்தவங்களுக்கெல்லாம் காபி போட்டுக் குடுத்துக்கினே இருந்துட்டேன், அவகூட சேந்துதான் எனக்கு அழ வரும் என்றாள். பஸ் நகரத் தொடங்கியும் கூடவே நடந்து வந்து அத்தாவிடம் நம்பரைச் சொன்னாள், அத்தா அவசரத்தில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

அந்த நம்பரை அப்சல் தனியாக உனக்கு அனுப்புவான். இவ்வளவு நாள் கூப்பிடாததற்கு என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து நாளைக் கடத்தாதே, நீ அப்படிப்பட்டவள். பள்ளிக்கூடம் விட்டு அவள் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது உனக்கு நடு ராத்திரி தாண்டிவிடும், அதனால் ஞாயிற்றுக்கிழமையில் கூப்பிடு. நீ வரும்போது அவளும் நம் வீட்டில் வந்து தங்கட்டும் என்று அத்தா இப்போதே சொல்லிவிட்டார், மாடி அறையை வெள்ளையடிக்க ஆள் பார்க்கிறார். அப்ரினுக்கு இங்கே வெயிலுக்குப் பருத்தித் துணியாக எடுத்து வா, தலைக்கு எண்ணெய் தவறாமல் வை. மாப்பிள்ளைக்கு எங்கள் சலாம். அல்லாஹ் உங்கள் மூவரையும் நோய்நொடி இல்லாமல் எங்கள் கண்ணில் கொண்டுவந்து காட்டட்டும், ஆமீன்.

ஜெபீனா, அவள் போனை எடுத்ததும் நலம் விசாரித்துக்கொண்டு இருக்காதே. நீ முதலில் அழுதுவிடு, அவளுக்குச் சுலபமாக இருக்கும்.

உன் அம்மா,
அஸ்ரப் நிஷா