மீன் தொட்டியில் விட்ட கை

ஜனவரி 19
சேர்மனுக்கு உடம்பு சரியில்லை. சேர்மன் என்றால் எங்கள் வீட்டுத் தங்கமீன். நாளெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடும், ஒரு வேலையும் நடக்காது. அதனால் அந்தப் பெயர். வால் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கிறது, விலாவில் சிவப்பாக ஒரு புண். ஊரே என்னைத்தான் வாலு என்கிறது. அழுகுவது என்னவோ அதன் வால்.

ஜனவரி 20
கோட்டக்குப்பம் மீன் கடை கபீர் பாயிடம் போட்டோ காட்டினேன். “பாக்டீரியாம்மா. பத்து லிட்டருக்கு ஒரு ஸ்பூன் கல்லுப்பு. கூடவே இந்த மாத்திரை, ஏழு நாள். தினம் பாதித் தண்ணி மாத்து. மரக்காணத்து உப்பளத்துப் பொண்ணுக்கு உப்பைப் பத்தி நான் சொல்லணுமா?”
படியிறங்கும்போது மறுபடி கூப்பிட்டார்: “கையில வெட்டு, வெடிப்பு இருந்தா தொட்டியில கைய விடாத. நமக்கும் ஏறிடும்.”

ஜனவரி 22
தொட்டி நாறுகிறது. நானா கழுவுவேன்? விரலில் துணி சுற்றி, மேலே சிவப்பு மை இரண்டு சொட்டு. “கத்தி கீறிடிச்சிம்மா!” நடிப்பு பிரமாதம்.
உப்பளத்தில் வரப்பு கட்டிவிட்டு வந்த களைப்போடு அம்மாதான் முழங்கை வரை விட்டுத் தேய்த்தாள். அவள் கையில் வெடிப்பு இல்லாத இடம் ஏது? பாய் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் தொட்டி என் தலையில்தான் விழும். வாயை மூடிக்கொண்டேன். நானும் ஒரு சேர்மன்.

ஜனவரி 28
ஏழு நாளும் அம்மாவே. நான் தினமும் துணியை மட்டும் மாற்றினேன்.

பிப்ரவரி 3
மாத்திரை முடிந்தும் புண் ஆறவில்லை. சேர்மன் பதவிக்காலம் முடியும் முன்பே போய்விட்டார். தொட்டியைக் கவிழ்த்து வைத்தாயிற்று.

பிப்ரவரி 24
அம்மாவின் வலது ஆள்காட்டி விரலில் ஊதா நிறத்தில் ஒரு கட்டி. வலி இல்லையாம்.

மார்ச் 16
இப்போது மூன்று. விரலிலிருந்து புறங்கைக்கு வரிசையாக ஏறுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.
“போடி யுவராணி. உப்புலயே ஊறுன கை. இதுல கிருமி ஏறுனா கிருமிதான் சாவும்.”
தினமும் உப்புப் பாத்தித் தண்ணீரில் அரை மணி நேரம் கையை ஊறவைக்கிறாள். உப்பளத்தில் எல்லோருக்கும் இதே வைத்தியம்தான். ஏய் யுவராணி, இப்பவாவது சொல்லித் தொலையேன் — எதுக்கு பயப்படுற? அடிக்கா?
சொல்லலை.

ஏப்ரல் 9
பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி. போன வாரம் விரலிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்திருந்தார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “வீட்ல மீன் தொட்டி இருக்கா?”
“இருந்திச்சிங்க. எம்பொண்ணு வெரல்ல வெட்டுப்பட்டிருந்திச்சி, நான்தான் கழுவுனேன். நல்லவேளைங்க, அது கைய விடல.”
நல்லவேளையாம். ச்சே.
மீனுக்கு ஏழு நாள் மருந்து. அம்மாவுக்கு நாலு மாதம்.

மே 5
கட்டி வற்றிவிட்டது, விரல் மடங்கவில்லை. முன்பே வந்திருந்தால் மடங்கியிருக்கும் என்கிறார் டாக்டர். பலகை பிடித்து அம்மாவால் இனி உப்பு வார முடியாது. ப்ளஸ் ஒன் லீவுதானே என்று இன்று முதல் அவள் இடத்தில் நான். மேஸ்திரி இருசப்பன், “ஏம்மா, உப்பை வார்றியா, கிச்சுகிச்சு மூட்றியா?” என்றார். சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். வேறு நாளென்றால் நாலு பதில் வைத்திருப்பேன்.

சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி, சிவப்பு மை, பாய் சொன்னது.

அம்மா மடங்காத விரலை இடது கையால் தடவினாள்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா பளார்னு ஒண்ணு வுட்டிருப்பேன். இப்ப எந்தக் கையால அடிக்க?”

பிறகு சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். “பெசஞ்சு குடு.”

பலகை பிடித்துக் கொப்பளித்த உள்ளங்கையெல்லாம் எரிந்தது. பிசைந்தேன்.