ஷோகேஸில் நின்றவள்

அன்புள்ள அக்கா,

குழந்தைக்குக் காய்ச்சல் என்று நான் சொன்னது பொய். “ரோட்டுல நின்னு கத்தினா வீட்டுப் பக்கம் வந்துடாதே” என்று இவர் சொன்னதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

வேலை நேரத்தில் உட்கார நாற்காலி கேட்டு நீங்களெல்லாம் நம் துணிக்கடையைத் தாண்டி ஊர்வலம் போனபோது, நான் ஷோகேஸில் பொம்மைக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். ஒளிய இடமில்லை. நீட்டிய கையோடு, பொம்மையோடு பொம்மையாக விறைத்து நின்றேன். மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசையவில்லை.

“உள்ள நம்ம ஆளு மாதிரி இருக்கே?” என்று யாரோ கேட்டது திறந்த கதவு வழியே காதில் விழுந்தது. நீங்கள் என் கண்ணையே பார்த்தீர்கள்.

“பொம்மைதான், வாங்கடி” என்றீர்கள்.

நேற்று நாற்காலிகள் வந்துவிட்டன. உங்களுக்குத்தான் வேலை போய்விட்டது. “உக்காரும்மா” என்கிறார் மேனேஜர். முட்டி மடங்க மாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
அந்தப் பொம்மை