பின்சில்லு டயரைப் பூட்டியவர்

அன்புள்ள அண்ணா,

அன்புள்ள என்று எழுதிவிட்டு அதை வெட்டலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். வெட்டவில்லை. ஆனால் மிச்சமும் அன்பாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாலு வருஷமாக உங்கள் மேல் உள்ள கோபத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு உங்கள் திவசத்துக்குச் சமைத்திருக்கிறேன். இந்த முறை ஏலாது.

முதலில் ஊர்ச் செய்தி. இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். பிரதான வீதியில் கடை வாசலெல்லாம் டயர் தொங்குகிறது. உங்கள் மோட்டார் சைக்கிளுக்குரிய அளவு, மூன்று ஐம்பது, பத்தொன்பது, அதுவும் தொங்குகிறது. போய் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். நல்ல உருண்டை. கடைக்காரர் “என்ன வேணும் அக்கா?” என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்னும் நாலு வருஷம் பொறுத்திருந்தால் நீங்களே வந்து தடவிப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குப் பொறுமை என்ற சாமானை யாரும் இறக்குமதி செய்து தரவில்லை.

இந்தக் கடிதத்தை அச்சடித்து ஊருக்குக் கொடுக்கப் போகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன காலத்தில், கப்பலேற இருந்த ஒரு அதிகாரியிடமிருந்து நீங்கள் வாங்கிய வண்டி அது. தூரப் பயணத்துக்கென்றே செய்தது. அகன்ற இருக்கை, பெரிய எண்ணெய்த் தாங்கி, பெரிய சில்லு. ஆற்றுத்துறைகளில் பாதை என்கிற மிதவையில் ஏற்றி இறக்கி மட்டக்களப்பு வரைக்கும் ஓடுவீர்கள். பள்ளிக்கூட விடுமுறை வந்தால் கண்டி, பதுளை. திரும்பி வந்து முற்றத்தில் நிறுத்தினால் அண்ணியோடு கதைப்பதற்கு முதல் அதற்குத்தான் தண்ணீர் வார்த்துக் கழுவுவீர்கள்.

பிறகு இறக்குமதியை நிறுத்தி, சாமான் வராத வருஷங்கள் வந்தன. உள்ளூரில் லொறிக்கும் காருக்கும் டயர் செய்தார்கள். உங்கள் பழைய பத்தொன்பது அங்குலச் சில்லை யார் நினைத்தது? புதிதாக ஓடிய ஜப்பான் சைக்கிள்களுக்குச் சில்லு சின்னது. உங்கள் பின் டயரில் நூல் தெரியத் தொடங்கியது. துறைமுக வீதியில் தகரக் கொட்டில் போட்டு டயர் பூட்டி, டியூப் ஒட்டிக்கொண்டிருந்த கிண்ணியா மீராசா நானாதான் உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்து வைத்து அதற்கு உயிர் கொடுத்தார்.

கொழும்புச் சிநேகிதர் ஒருவர் பதினெட்டு அங்குல டயர் அனுப்பினார். ஏறாது என்று மீராசா நானா பார்த்தவுடன் சொன்னார். ஒரு அங்குலம்தானே, இழுத்தால் ஏறும் என்று சவர்க்காரத் தண்ணீர் பூசி ஒரு பின்னேரம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினீர்கள். கணிதம் படிப்பிக்கிற மனிதர் ஒரு அங்குலத்தோடு சண்டை பிடிப்பதை வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அன்றைக்கே உங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அந்த நேரம் நான் தட்டச்சாளராக இருந்த அரசாங்கக் கந்தோருக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. பக்கத்தில் மூன்றாவது சில்லோடு பெட்டி பூட்டி ஓடுகிற மோட்டார் சைக்கிள்களுக்கு, அதாவது சைட்கார் உள்ளவற்றுக்கு, டயர் முதலில் கொடுக்கப்படும், நோயாளிகளையும் சாமானையும் ஏற்றுகிறவை என்பதால். வீட்டுக்கு வந்து அதை உங்களுக்குச் சொன்னவள் நான். வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி குடித்திருக்கலாம்.

“அப்ப எங்கட சைக்கிளுக்கும் சைட்கார் இருக்கெண்டு விண்ணப்பம் அடி, மலர்.”

“எங்க அண்ணா இருக்கு?”

“கடதாசியில இருக்கட்டும்.”

அடித்தேன். வாதத்தால் நடக்க முடியாத தாயாரைக் கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காகச் சைட்கார் பூட்டப்பட்டுள்ளது என்று அடித்தேன். அம்மா செத்து அப்போது ஐந்து வருஷம். செத்தவளுக்கு வாதம் வரப்பண்ணிய பிள்ளைகள் நாங்கள். நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள், “அம்மா கோவிக்க மாட்டா” என்றீர்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

டயர் வந்தது. அண்ணி ஈச்சிலம்பற்றில் தாய்வீட்டில் நின்ற கிழமை. என்னைப் பின்னால் இருத்தி, என் மடியில் டயரைத் தந்து, மீராசா நானாவின் கொட்டிலுக்குக் கொண்டுபோனீர்கள். அவர் சுற்றியிருந்த கடதாசியைக் கிழித்து, டயரின் முகத்தை உள்ளங்கையால் தடவினார். பிறகு உங்களை நிமிர்ந்து பார்த்தார்.

“மாஸ்டர், இது சைட்கார் டயர். முகம் தட்டை. மூணு சில்லில ஓடுற வண்டி சரியாது, அதுக்கு இது சரி. உங்கட வண்டி வளைவில ஒரு பக்கம் சரியோணும். இது சரிய விடாது.”

“இலக்கத்தைப் பாரும். மூண்டு ஐம்பது, பத்தொன்பது. வேற என்ன வேணும்?”

“இலக்கம் சரிதான் மாஸ்டர். சில்லில ஏறும். ஆனா நான் பூட்டித் தர மாட்டன்.”

“உமக்கு வாசிக்கத் தெரியாது, அதுதான் பிரச்சினை” என்றீர்கள். ஊரில் எல்லோரும் நல்லவர் என்று சொல்லும் என் அண்ணா, உங்கள் உயிருக்காகப் பயந்த மனிதரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. அவர் கிழிந்த கடதாசியைத் திரும்பச் சுற்றி டயரை என் கையில் தந்தார்.

கேட்டதைத்தானே, அண்ணா, அனுப்பியிருந்தார்கள்? சைட்கார் இருக்கிறது என்று எழுதினோம், சைட்கார் டயர் வந்தது. வேறு எதை அனுப்புவார்கள்?

வீட்டு முற்றத்தில் நீங்களே பூட்டினீர்கள். ஒரு பக்கத்தை உள்ளே தள்ள மறுபக்கம் வெளியே வந்தது. “மலர், ஏறி இரு” என்றீர்கள். நான் சில்லின் மேல் ஏறி இருந்தேன். என் பாரத்தால்தான் அது உள்ளே போனது. அண்ணி வந்து, புது டயரை ஆர் பூட்டினது என்று கேட்டபோது “வேற ஆர், மீராசாதான்” என்றீர்கள். நீங்களாகப் பூட்டினீர்கள் என்றால் அண்ணி உங்களை ஏறவே விட்டிருக்க மாட்டா. பள்ளிக்கூட ஓய்வறையிலும் அதையே சொன்னீர்கள். ஒரு டயர்காரர் மாட்டேன் என்று சொன்னதை மாஸ்டர் வெளியே சொல்லலாமா?

ஆறு நாள் ஓடினீர்கள். நேர் வீதியில் நன்றாகத்தான் ஓடியது. ஆறாம் நாள் நிலாவெளிக்குப் போகும்போது சாம்பல்தீவுப் பாலத்துக்கு முன்னால் உள்ள வளைவில் வண்டி சரியவில்லை. நேராகவே போனது. வீதியோரப் புளியமரம் தடுத்தது.

அந்தக் கணத்தில் மீராசா நானா சொன்னது உங்களுக்கு ஞாபகம் வந்ததா? அவர் சொன்னது சரி என்று ஒரு தரமாவது நினைத்தீர்களா? எனக்கு ஆஸ்பத்திரி விறாந்தையில் முதல் வந்த நினைப்பு அதுதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு, உங்கள் நினைவுப் பாட்டுப் புத்தகம், அச்சடித்தோம். உங்களோடு படிப்பித்த தமிழ் மாஸ்டர்தான் பாட்டெல்லாம் கட்டிக் கொடுத்தார். அதில் ஒரு வரி, “பூட்டியவன் பிழையாலே பூவுலகை நீத்தாயே” என்று இருந்தது. அச்சகத்திலிருந்து வந்த படியைப் பிழை பார்த்தவள் நான். அந்த வரியைக் கண்டேன். அச்சுக்கு விடலாம் என்று கையெழுத்து வைத்தேன். வெட்டினால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் அந்த விண்ணப்பம் வெளியே வரும், என் வேலை போகும், உங்கள் பெயர் போகும். செத்துப்போன உங்களுக்குப் பெயர் என்னத்துக்கு என்று அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அந்த வரியை ஊர் பாடமாக்கிக்கொண்டது. அண்ணியின் தம்பிமார் போய்க் கொட்டிலை உடைத்தார்கள். “நான் பூட்டல்ல, நான் பூட்டல்ல” என்று அந்த மனிதர் வீதியில் நின்று சொன்னார். பூட்டியவன் வேறு என்ன சொல்வான் என்று சனம் சிரித்தது. மாஸ்டர்மார் சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட அவரிடம் போகவில்லை. ஒரு மாதத்துக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போய்விட்டார். நான் கந்தோருக்குப் போய்வரும் வழியில் உடைந்த தகரத்தைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

போன மாதம் அன்புவழிபுரத்திலிருந்து ஒருவர் உங்கள் வண்டியை வாங்க வந்தார். முன்பக்கத்தையெல்லாம் எப்போதோ திருத்தி வைத்திருந்தோம். இளம் மனிதர், மனைவியும் கூட வந்திருந்தா. அண்ணி அவரிடம், “பின் டயர் புதுசு. ஆறு நாள்தான் ஓடினது” என்று சொன்னா. அவர் குனிந்து இலக்கத்தைப் பார்த்தார். சந்தோஷமாகத் தலையாட்டினார். அடுத்த நாள் வந்து எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் படலையைத் தாண்டியவுடன் குசினிக்குள் போய்க் கத்தியை எடுத்து வந்தேன். டயரின் பக்கத்தில் குத்தி இழுத்தேன். லேசில் கிழியவில்லை. அண்ணி ஓடி வந்தா.

“என்ன செய்யிறாய் மலர்? விசர் பிடிச்சிட்டுதோ?”

கத்தியைக் கீழே வைக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி அழவில்லை.

“அவர் எனக்குப் பொய் சொன்னவரோ?”

“ஓம் அண்ணி.”

“நீயும்?”

“ஓம்.”

“என்ர தம்பிமார் அந்த மனிசன்ர கொட்டிலை உடைக்கேக்க நீ பாத்துக்கொண்டு நிண்டனீ.”

அன்றிலிருந்து அண்ணி என்னோடு கதைப்பதில்லை. ஒரே குசினியில் இரண்டு உலை வைக்கிறோம். உங்கள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டா. நானும் திரும்ப மாட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாவுக்குப் போனேன். வேறொருவரின் வளவில் லொறி டியூப் ஒட்டிக்கொண்டிருந்தார் மீராசா நானா. தாடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டு எழும்பவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நான் நின்றபடியே, பூட்டியது அண்ணா, சில்லில் ஏறி இருந்து அமர்த்தியது நான், விண்ணப்பம் பொய் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“முடிஞ்சா?” என்று கேட்டார்.

“ஓம் நானா.”

“நான் பூட்டல்லண்டு எனக்குத் தெரியுந்தானே தங்கச்சி. இதைச் சொல்லவா பாதை ஏறி வந்தீங்க? தெரியாதவங்களுக்கிட்ட போய்ச் சொல்லுங்க.”

வேலையைத் தொடர்ந்தார். நான் திரும்பி வந்தேன். வழி முழுக்க உங்களைத்தான் திட்டினேன். திட்டி முடிந்தபோது பார்த்தால், தெரியாதவர்களிடம் சொல்லாமல் இருந்தவள் நான், திட்டுவதற்கு உரியவளும் நான்தான். நீங்கள் ஆறு நாள்தான் பொய் சொன்னீர்கள். நான் நாலு வருஷம்.

நீங்கள் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் உங்கள் பெயருக்காக இன்னொருவரின் பெயரை ஊருக்குத் தின்னக் கொடுத்திருக்க மாட்டேன். உங்களை நினைத்தால் இன்றைக்கும் அழுகை வருகிறது, அண்ணா. வரட்டும். இனி அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க மாட்டேன்.

இந்த வருஷத் திவசத்துக்குப் பாட்டுப் புத்தகம் இல்லை. இந்தக் கடிதம்தான். கல்வெட்டு வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி போகும். என் கந்தோருக்கும் போகும். தட்டச்சு மேசை போனால் போகட்டும். உங்கள் பள்ளிக்கூட ஓய்வறையில், அந்தத் தமிழ் மாஸ்டருக்கு முன்னால், நானே நின்று வாசிப்பேன். சந்தையிலும் வாசிப்பேன். அண்ணியின் தம்பிமாரை இருத்தி வைத்து வாசிப்பேன். பாதியில் யாராவது எழும்பிப் போனால், அவர் வீடு வரைக்கும் பின்னால் போய் மிச்சத்தை வாசிப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
டயரைப் பூட்டியவரின் தங்கச்சி,
மலர்