அவருக்கு மூக்கு நான்

12 நவம்பர் 1946, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. குடை ஒன்றுதான். வேலை கேட்கப் போகிற என் வீட்டுக்காரர் சட்டை நனையக் கூடாதென்று நான் நனைந்தேன்.

அடையாறு பங்களா. புது துரைசானி. பர்மாவில் பட்டாளத்துக்குச் சமைத்ததாக அவரிடம் இருந்த காகிதத்தைப் படித்தாள். யுத்தத்துக்கு முன்னால் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வீட்டில் வேலை என்றதும் முகம் மலர்ந்தது.

"சூசை, கீஷ் தெரியுமா? காய்கறி, பேக்கன் போட்டு?"

"தெரியும்மா."

கீஷ் என்றால் மாவுத் தட்டில் முட்டையும் பாலாடையும் ஊற்றி ரொட்டி அடுப்பில் சுடுவதாம். ஞாயிறு காலைப் பலகாரத்துக்கு விருந்தாளிகளாம். நன்றாக வந்தால் வேலை நிரந்தரம். பின்கட்டில் ஓர் அறையும்.

திரும்புகையில் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். "ஞானம், எனக்கு வாசனையே தெர்ல. அங்க ஜொரம் வந்தப்போ போச்சு. ருசியும் இல்ல."

பட்டாளத்திலிருந்து வந்து எட்டு மாதம். தினம் தினம் "கொழம்பு நல்லாகீது" என்றவர். போன வாரம் கெட்டுப்போன மீனைக்கூடத் தின்றார். என் மனசு நோகக் கூடாதென்று தின்கிறார் என நினைத்தேன். பாவி நான்.

14, வியாழன்

தூறல். துணி ஒன்றும் காயவில்லை. இடது காலில் சேற்றுப்புண்.

மைதா கிடைக்காததால் ரேஷன் கோதுமை மாவில் ஒத்திகை. அவர் கைக்கு எதுவும் மறக்கவில்லை. "வெண்ண உருகக் கூடாது, வெரல் நுனியால பெசறு" என்கிறார். ஓரத்தைக் கொசுவம் மாதிரி மடித்தார். அழகு.

ஏற்பாடு இது: காய் அரிய நானும் போவது. அவருக்கு மூக்கும் நாக்கும் நான். பேக்கன் என்பது உப்பிட்டுப் புகை போட்ட பன்றிக்கறி. நான் தின்றதே இல்லை. கண்ணால் பார்த்ததும் இல்லை.

16, சனி

மழை விட்டது. மறக்காமல் இருக்க: முட்டை ஆறு. பாலாடை. காரட், பீன்ஸ், வெங்காயம் (முதலில் வதக்கணும்). மிளகு. ஜாதிக்காய் துளி. பேக்கன் துரைசானியே வாங்கி வைத்திருக்கிறாள்.

அவர் முகச்சவரம் செய்துகொண்டார். பின்கட்டில் ஒரு கோழி வளர்க்கலாம் என்றார். எட்டு மாதத்தில் இன்றைக்குத்தான் சிரித்தார்.

17, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஐந்து மணிக்கே பங்களா.

மாவு நன்றாக வந்தது. ரொட்டி அடுப்பு சூடாகியிருந்தது. பேக்கன் பொட்டலத்தைப் பிரித்தேன். பிசுபிசுப்பு. மழையில் இரண்டு நாளாக ஐஸ் பெட்டிக்கு ஐஸ் வரவில்லையாம்.

"எப்டிக்கீது?"

"புகை வாசனை."

"அவ்ளோதானா?"

"கொஞ்சம் புளிப்பு."

கத்தியைக் கீழே வைத்தார். "நாத்தமா, ஞானம்? சரியா சொல்லு. சந்தேகம்னா வேணாம். காய மட்டும் வெச்சுப் பண்ணிடலாம், அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நாத்தம் இல்லை" என்றேன்.

எட்டு மணிக்குப் பொன் நிறத்தில் உப்பி வந்தது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தார். பேச்சுச் சத்தம். பிறகு சத்தமே இல்லை. ஒரு நாற்காலி நகர்ந்தது.

துரைசானி தட்டோடு சமையலறைக்கு வந்தாள். கத்தவில்லை. "கறி கெட்டிருக்கிறது. நீ முகர்ந்துகூடப் பார்க்கவில்லையா?"

என் பக்கம் திரும்பவே இல்லை அவர். "எனக்கு மூக்கு போச்சும்மா. மறச்சிட்டேன். என் தப்புதான்."

அவள் தட்டை மேசைமேல் வைத்தாள். பாவம் என்றாள். மூக்கில்லாத சமையல்காரரை எப்படி வைத்துக்கொள்வது என்றாள். பிறகு என்னைப் பார்த்து, பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டும், நீ வருகிறாயா என்று கேட்டாள். அறை கிடையாது.

வரும் வழியெல்லாம் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார். "நீ துன்னதே இல்லாத கறி. உனக்கு இன்னா தெரியும்?"

18, திங்கள்

வெயில். துணி துவைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. கஞ்சி அப்படியே ஆடை கட்டிக் கிடக்கிறது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து மூக்கை இழுத்து இழுத்துப் பார்க்கிறார். சத்தம் கேட்கிறது.

எனக்குத் தெரிந்தது. பொட்டலத்தைப் பிரித்தபோதே தெரிந்தது. அழுகல் வாடைக்குப் பேக்கன் தின்றிருக்க வேண்டுமா என்ன? அந்த அறை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து சொல்லாமல் விட்டேன். காய் மட்டும் போதும் என்று அவரே சொன்னாரே.

சொல்ல வேண்டும். மத்தியானம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இன்னா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

நாளை ஆறு மணிக்கு அடையாறு, பாத்திரம் தேய்க்க. சாம்பல், தேங்காய் நார் அங்கேயே இருக்குமாம்.