பூரணியின் நிறையும் அப்பா போட்ட கூச்சலும்

அக்கரப்பத்தனை

அன்பு மகள் வினோதாவுக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நான், உன் அம்மா, உன் மகள் பூரணி எல்லாரும் சுகம், குவைத் வெயிலில் நீயும் சுகமாய் இருக்க வேண்டும். போன் இருக்க அப்பாவுக்கு எதற்குக் கடுதாசி என்று சிரிக்காதே, போன் எடுத்தால் பூரணி மடியில் ஏறிக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்கிறாள், அதுதான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ஷாமிலா கையில் கொடுத்தனுப்புகிறேன். இங்கே மழை விட்டுத் தேயிலைக் கொழுந்தும் நன்றாக வருகிறது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நிறை பார்த்தார்கள், நானும் போயிருந்தேன். மூன்றாம் வகுப்பில் நம்ம பூரணிதான் எல்லாரையும் விடக் கூட! எனக்கு வாயெல்லாம் பல். தோட்டத்து மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள் ஏறினால் சந்தோஷப்பட்டே பழகின ஆள் இல்லையா, “பாத்தீங்களா, எங்க புள்ளதான் பஸ்ட்டு!” என்று கத்தியே விட்டேன். தாய்மார் எல்லாம் சிரித்தார்கள், நிறை பார்த்த நர்ஸ் மிஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை. “தாத்தா, இது கொழுந்து இல்லீங்க, வயசுக்கு மீறின நிறை, இப்படியே போனா சீனி வருத்தம், சக்கரை வியாதி வந்துரும்” என்றார். பக்கத்து லயத்து வீரய்யா மகன் நிறை காணாமல் பேச்சு வாங்கினான், நம்ம பிள்ளை கூடிப்போய் வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என்னைப் பிடி பிடி என்று பிடித்தாள், சீனி போட்ட தேத்தண்ணியும் கிரீம் பிஸ்கட்டும் கொடுத்துப் பழக்கினது நான்தானாம். இப்போது ஆட்டோவில் அனுப்புவதை நிறுத்திவிட்டு நடந்தேதான் பள்ளிக்கூடம். மேட்டில் அவள் முன்னால் ஓடிப்போய் நின்று நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துச் சிரிக்கிறாள், போக்கிரி. லீக்ஸ் மரக்கறியைக் கண்டால்தான் மூஞ்சியைச் சுளிக்கிறாள், உன் அம்மா ரொட்டி மாவில் பொடியாக அரிந்து போட்டு ஏமாற்றுகிறாள்.

எல்லாம் கேட்கிற பிள்ளை நீ அனுப்பும் சொக்லட்டை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். ஆசையில் தின்கிறாள் என்றுதான் இருந்தேன். நேற்று வயிறு வலிக்குது என்று சொல்லிக்கொண்டே தின்கிறாள். ஏம்மா என்று கேட்டால், “எல்லாம் சாப்பிட்டியான்னு அம்மா கேப்பாங்க தாத்தா, இல்லேன்னா அழுவாங்க” என்கிறாள். முன்னே ஒருநாள் அவள் மெலிந்துவிட்டாள் என்று நீ போனில் அவள் முகம் பார்த்து அழுதாயே, அது அவள் மனதில் அப்படியே இருக்கிறது. உன்மேல் குறை இல்லை, அவ்வளவு தூரத்தில் இருக்கிற தாய் வேறு எதைக் கேட்பாள். ஆனால் நாங்கள் சொல்லி அவள் கேட்கமாட்டாள், நீதான் சொல்ல வேண்டும். இனிமேல் போனில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்காதே, என்ன விளையாடினாய் என்று கேள். அடுத்த பெட்டியில் சொக்லட்டுக்குப் பதில் கயிறடித்துக் குதித்து விளையாட நல்ல கயிறாக ஒன்று வை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கு, முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பான். மறந்துவிடாதே, மிச்சம் வைத்தாலும் அம்மா அழமாட்டேன் என்று அவளிடம் சொல், சொல்லும்போது சிரித்த முகமாய் இரு, அவள் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா பொன்னையா